உறை கழற்றாத மெத்தை

"எழுத்து மூலம் வரும் கடிதத்துக்கு, அது கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்பட வேண்டும். முழுப் பதில் தர இயலாவிட்டால், கடிதம் கிடைத்தது என்றாவது தெரிவிக்க வேண்டும்."

விதி இவ்வளவுதான். ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இதைக் கட்டிக் காத்தேன். அதாவது, மற்றவர்கள் மீறும்போதெல்லாம் சுட்டிக்காட்டினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்குக் கீழே யாரும் இல்லை. மனைவி சரசு இருக்கிறாள். ஆனால் வீட்டு நிர்வாக அமைப்பில் அவள் எனக்கு மேலே.

பொங்கலுக்கு முந்தின வாரம் பாக்கியம் அக்காவுக்கு ஒரு கடிதம் போட்டேன். குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, தைப்பூசத்தை ஒட்டி ஒரு வாரம் தங்க வேண்டும் என்று அழைப்பு. பதிவுத் தபால். பாக்கியம் அக்கா, நான் முதன்முதலில் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் துரை பங்களாவைப் பார்த்துக்கொண்டவர். சமையலும் அவர்தான், விருந்தினர் அறையும் அவர் பொறுப்புதான். பார்த்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு கல்யாண விருந்தில் பழைய தோட்டத்து ஆள் ஒருவர், "அக்காவா? சிலிபின்லதான் மகனோட இருக்கு. காது கண்ணு எல்லாம் நல்லா இருக்கு, வாய் அதைவிட நல்லா இருக்கு" என்று சொல்லி முகவரியும் கொடுத்தார்.

ஏழு நாள் போயிற்று. பதினான்கு நாள் போயிற்று. தைப்பூசமும் போயிற்று. பதில் இல்லை.

"சிலிபின் இருபது நிமிஷம்ங்க," என்றாள் சரசு. "காரை எடுத்துட்டுப் போயி நேரா பாத்துட்டு வந்திரலாம்லா. போனாவது போடுங்க."

"அழைப்பு எழுத்தில் போயிருக்கு. பதிலும் எழுத்துலதான் வரணும்."

"அது சரி. சிலிபின்ல இருக்கிறவங்க குனோங் ராபாட்டுல வந்து யாராச்சும் ராத்தங்குவாங்களா? பக்கத்து வீட்டுல போயி படுத்துக்கிற மாதிரி!"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் தைரியம் இல்லை.

அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது மகனுடைய அறை. அவன் சிங்கப்பூருக்குப் போன பிறகு, எங்களுக்குப் பிடிக்காத ஆனால் தூக்கிப்போட மனம் வராத எல்லாப் பொருளும் தாமாகவே நடந்து போய் அங்கே குடியேறிவிட்டன. சோற்றுப் பானைகளின் காலிப் பெட்டிகள், ஒரு கால் உடைந்த இஸ்திரி மேசை, தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்கள், நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கண்ணாடிக் கேடயம். கேடயத்தில் என் பெயரை ஓர் எழுத்து குறைவாகப் பொறித்திருந்தார்கள். திருத்தம் கோரி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அதை விடுங்கள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். சுவருக்கு இளமஞ்சள் அடித்தோம். சரசு அதை வெள்ளை என்கிறாள். திரைச்சீலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவளுக்குப் பூப்போட்டது, எனக்குக் கோடு போட்டது. பூ வென்றது. ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று தெரிய வேண்டும் என்பதால் கட்டிலை இடம் மாற்றினோம். மாற்றிய பிறகு அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. பரவாயில்லை, விருந்தினர் ஒரு வாரத்துக்கு எவ்வளவு துணி கொண்டுவரப் போகிறார்? படுக்கையோரம் ஒரு விளக்கு வைத்தேன். தண்ணீர் ஜாடிக்குச் சுற்றிலும் மணி கோர்த்த வலைத்துணி மூடி ஒன்றை நாலு கடை தேடி வாங்கினேன். "ஏங்க, மூடியோட ஜாடியே வருதே இப்ப," என்றாள் சரசு. வரும். ஆனால் விருந்தினர் அறை என்றால் மணி மூடிதான். அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

கடைசியாக மெத்தை வந்தது. கடையின் தவுக்கே, அதாவது சீன முதலாளி, தானே லோரியில் வந்து இறக்கினார். போகும்போது, சரசுவிடம், "அக்கா, கறை பட்டா வாரண்டி இல்லே, ஆ," என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிட்டது.

நம் வீடுகளில் இது புதிதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக்கின் மேலேயே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக், காரின் பின்னிருக்கைக்குப் பிளாஸ்டிக். பொருளை வாங்குவது நாம். அனுபவிப்பது பிளாஸ்டிக். ஆனால் மெத்தை விஷயத்தில் நான் இளகவே மாட்டேன் என்றேன்.

"உறையைக் கிழிச்சிரு."

"புதுசுலா! கறை பட்டா யாரு பொறுப்பு?"

"படுக்கிறவங்களுக்கு வேர்க்கும், சரசு. சறுக்கும். திரும்பிப் படுத்தா சத்தம் போடும்."

"வர்றவங்க மொதல்ல பதில் போடட்டும். அப்புறம் கிழிக்கலாம். வராதவங்களுக்கு எதுக்குக் கிழிக்கணும்?"

வாதத்தில் ஓட்டை இல்லை. நான் அலுவலகத்தில் இருந்திருந்தால் அதே குறிப்பைத்தான் எழுதியிருப்பேன். உண்மையில் எழுதியிருக்கிறேன், வாயாலும் கேட்டிருக்கிறேன். "கறை பட்டால் யார் பொறுப்பு?" இதே சொற்கள். அப்போது எனக்கு இருபது வயது.

புதுப் பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் மருந்துக்கடை. அந்த அறையில் நின்று அதை மோந்தபோது கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் நின்றேன்.

நான் அங்கே சின்னக் கிராணி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். சின்னக் கிராணி என்றால் மற்ற எழுத்தர்கள் செய்ய விரும்பாததைச் செய்பவர். பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆறு மாதத் தகுதிகாண் வேலையில் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் முடிந்ததும் துரை கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால், வெட்டுக் கத்தியைத் தூக்கிக்கொண்டு விடியலில் மரம் சீவப் போகும் என் அப்பாவுக்குப் பக்கத்து வரிசை. துரை, அதாவது தோட்ட நிர்வாகி, என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலம் முடிந்துகொண்டிருந்தது. எங்கள் துரையின் தகப்பனாரும் கிராணிதான். துரையான அன்றே அவருக்கு இட்லி எப்படி இருக்கும் என்பது மறந்துவிட்டது.

ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி சார்பில் தோட்டத்தைச் சோதிக்க வருகிறவர் மட்டும் இன்னும் வெள்ளைக்காரர். காகிதத்தில் விசிட்டிங் ஏஜெண்ட். எங்கள் வாயில் வி.ஏ. துரை. ஆள் பெருத்தவர். அவர் கார் வாசலில் நின்றால் கார் மூச்சு விடுவது கேட்கும். இரண்டு இரவு பங்களாவின் விருந்தினர் அறையில் தங்குவார். அந்த இரண்டு இரவுக்காக இரண்டு வாரம் தோட்டமே வெள்ளையடித்துக்கொள்ளும். சாலையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு, குறுக்கே நின்ற ஒரு ஆட்டுக்கும் அடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆட்டை நான் பார்க்கவில்லை.

விருந்தினர் அறை அலமாரிக் கதவின் உட்புறம் தட்டச்சு செய்த விதித்தாள் ஒன்று ஒட்டியிருக்கும். கொசுவலை எந்தப் பக்கம் செருக வேண்டும், துவாலை எத்தனை, தண்ணீர் ஜாடிக்கு மணி மூடி, காலை ஆறு மணிக்குப் படுக்கையிலேயே தேநீர். விதியைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட காதலை இன்றுவரை யாரிடமும் சரியாக விளக்க முடிந்ததில்லை. உலகம் இவ்வளவு தெளிவாக இருக்க முடியுமா என்று மலைத்துப்போனேன். ஆபீசிலிருந்து அந்த அறையை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். ஏனென்றால் வேறு யாரும் கேட்கவில்லை.

பாக்கியம் அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். விதித்தாளை அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த எங்கள் எல்லோரையும்விட அந்த அறையை அவருக்குத் தெரியும். விரிப்பை ஒரு உதறு உதறினால் நாலு மூலையும் தாமே போய் உட்காரும்.

"அக்கா, இந்தக் கட்டில்ல ஒரு நாளாவது படுத்துப் பாத்திருக்கீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"போடுறதுதான் நம்ம வேலை, கிராணி தம்பி. படுக்கிறதுக்கு வேற ஆளு வச்சிருக்காங்க," என்றார். சொல்லிவிட்டுத் தலையணையை ஒரு அடி அடித்தார். அது தூசிக்காகத்தான் என்று நினைத்தேன்.

அந்தத் தடவை ஈப்போவிலிருந்து ஒரு புது ஸ்பிரிங் மெத்தை வந்தது. பிளாஸ்டிக் உறையோடு. அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். நான் தடுத்தேன்.

"விடுங்கக்கா. கம்பெனிச் சொத்து. கறை பட்டா யாரு பொறுப்பு?"

"தம்பி, மனுசன் படுக்கிற எடம். இதுல படுத்தா பொழுது விடியுறதுக்குள்ள வெந்து போயிருவாரு."

"விரிப்பு மேல இருக்குல்ல? தெரியாது."

"தெரியாதா? நீ படுத்துப் பாரு. சறுக்கிக்கிட்டுப் போவ."

எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதில், நிரந்தரமாகாத வேலையில் இருக்கிறவனுக்கு வரக்கூடிய பெரிய கோபம். நேராக ஆபீசுக்குப் போனேன். தாளைச் செருகி, நடுவில் கார்பன் வைத்து, ஒரு குறிப்பு அடித்தேன். "பங்களாப் பொறுப்பாளருக்கு: புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையை அகற்றக் கூடாது. கறை பட்டால் தாங்களே பொறுப்பு." கீழே என் கையெழுத்து. அசலைக் கொண்டுபோய், படிக்கத் தெரியாத அந்த மனுஷி கையில் கொடுத்தேன். நகலைக் கோப்பில் போட்டேன். பக்க எண் பதினேழு.

அக்கா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. அழகா அடிச்சிருக்க," என்று சொல்லி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உறை கட்டிலிலேயே இருந்தது.

வி.ஏ. துரை வந்தார். சாப்பிட்டார். படுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா தேநீர்த் தட்டோடு கதவைத் தட்டினார். பதில் இல்லை. திறந்தால் கட்டில் காலி. துரை கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே தரையில் கிடந்தார். விரிப்பு காலைச் சுற்றியிருந்தது. கொசுவலை கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு மேலே விழுந்திருந்தது. வலைக்குள் ஒரு பெரிய மீன் போல ஆங்கிலத்தில் துடித்துக்கொண்டிருந்தார். அக்கா சிரித்துவிட்டார். நிறுத்த நினைத்தும் முடியவில்லையாம். தட்டில் கோப்பை ஆட ஆட நின்று சிரித்தாராம். விழுந்ததைக்கூட வி.ஏ. துரை மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை.

பெரட்டு முடிந்து, அதாவது விடியற்காலைப் பெயர் கூப்பிடுதல் முடிந்து ஆட்கள் ரப்பர்க் காட்டுக்குப் போன கையோடு, செய்தி ஆபீசுக்கு வந்துவிட்டது. இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். யாரும் என்னைக் கேட்பதற்கு முன், கோப்பைத் திறந்து பதினேழாம் பக்கத்தை உருவினேன். மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். அதோடு விடவில்லை. பதினெட்டை அழித்துப் பதினேழு ஆக்கினேன். பத்தொன்பதைப் பதினெட்டு ஆக்கினேன். கடைசிப் பக்கம் வரை. கோப்பில் இடைவெளி இருக்கக் கூடாது என்பது விதி.

எங்கள் தோட்டத்துத் துரை இருவரையும் பங்களா வராந்தாவில் நிற்க வைத்தார். "யார் சொல்லி அந்தப் பிளாஸ்டிக் இருந்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்தேன். மூன்று இறக்கை.

"நாந்தான் மறந்துட்டேன் தொரை," என்றார் அக்கா.

மறுநாள் முதல் அவர் புல்வெட்டு வேலைக்கு மாற்றப்பட்டார். வெயில். அட்டைக்கடி. பங்களாவுக்கு வேறு ஆள். நாலு மாதம் கழித்து என் வேலை நிரந்தரமானது. ஒரு வருஷத்தில் அரசாங்க வேலை கிடைத்து ஈப்போவுக்கு வந்துவிட்டேன். போகும் முன் அக்காவைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் எந்தக் காட்டில் புல் வெட்டுகிறார் என்று தெரியவில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். எந்த ஆள் எந்தக் காட்டில் என்ற பட்டியலைத் தினமும் காலையில் தட்டச்சு செய்தவனே நான்தான்.

இதுதான் சரசுவுக்குச் சொல்லாத பதில். சிலிபினிலிருந்து வருகிறவருக்கு ராத்தங்கும் அவசியம் இல்லை. அந்த அக்கா, மற்றவர்களுக்காகப் போட்டுப் போட்டு வைத்த மாதிரி ஒரு கட்டிலில், தான் ஒரு வாரம் படுக்க வேண்டும். மணி மூடி, விளக்கு, ஆறு மணித் தேநீர் எல்லாம் அதற்குத்தான். கடிதத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தேன். சட்டைக்குள் வைத்த அந்த நகலை, என் பள்ளிச் சான்றிதழ்களோடு இத்தனை வருஷம் கிடந்ததை, கூடவே வைத்திருந்தேன். கடிதத்தின் அடியில், பழக்க தோஷம், "இணைப்பு: 1" என்று குறிப்பிட்டேன்.

நேரில் போய் நின்று இதைச் சொல்லியிருக்கலாம். இருபது நிமிஷம். ஆனால் நேரில் போனால் அவர் என்னைப் பார்ப்பார். நானும் விசிறி எங்கே இருக்கிறது என்று தேடுவேன். எழுத்து மூலம் என்பது சில சமயம் ஒழுங்கு. பல சமயம் ஒளிந்துகொள்ள நல்ல இடம்.

தைப்பூசம் போய் மூன்றாம் வாரம் சரசு கேட்டுவிட்டாள். "பதில் வராததுக்கு இப்படி மொகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்களே, அப்படி என்னதான் எழுதுனீங்க?" சொன்னேன். ஆபீஸ் பாணியில் இல்லாமல், உட்கார்ந்து, முழுதாகச் சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "பக்க எண்ணு வேற மாத்துனீங்களா?" என்றாள். மற்றதையெல்லாம்விட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. பிறகு எழுந்து போனாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கோப்பெங் பக்கம் போனேன். சிலிபினுக்குப் போக வேண்டிய கார், எதிர்த் திசையில் போயிற்று. தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. பெரட்டு நின்ற களத்தில் கார் நிறுத்துகிறார்கள். பங்களா இருந்த மேட்டில் காவல் கொட்டகையும் குறுக்குக் கம்பமும். காவலர் என் அடையாள அட்டையைக் கேட்டார். "யாரைப் பார்க்கணும்?" யோசித்தேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான்.

பிறகு ஒரு நாள் தபால்காரரின் மோட்டோ வாசலில் நின்றது. நீள உறை. கையெழுத்து அக்காவின் மருமகளுடையது. பேச்சு மட்டும் அக்காவுடையது, ஒரு சொல் மாற்றாமல்:

"கிராணி தம்பிக்கு. ஒன் காயிதம் அப்பவே வந்திருச்சு. பதில் போட நேரமாயிருச்சுன்னு வருத்தப்படாத. நீ அம்பது வருசம் எடுத்துக்கிட்ட, நான் ரெண்டு மாசம் எடுத்துக்கக் கூடாதா? ஒங்கிட்ட இருந்தது கார்பன். அசலு எங்கிட்டல்ல இருந்துச்சு. அத மறந்துட்டியே, பெரிய கிராணி! அன்னிக்கே லயத்து வரிசை வீட்டுல ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைய விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னா எழுதியிருக்குன்னு தெரியும். தொரைகிட்ட ஏன் காட்டலன்னு கேப்ப. காட்டியிருந்தா ஒனக்கு வேலையே போயிருக்கும். எனக்கு வேலைதான மாறுச்சு. யூனியன்ல இருந்தவள யாரு வெளிய அனுப்புறது? ஆனா கோவம் இருந்துச்சு. வந்து ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். சொல்லாமப் போயிட்ட. நீ அடிச்சுக் குடுத்த அந்தக் காயிதத்தை மட்டும் பத்திரமா வச்சிருந்தேன், என்னைக்காச்சும் ஒன்னை மடக்கணும்னு. தேடி எடுக்கத்தான் இத்தனை நாளு. இப்ப மடக்குறேன். ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம் தங்குவேன். காலையில ஆறு மணிக்குப் படுக்கையிலயே தேத்தண்ணி வேணும். ஒம் பொண்டாட்டி கொண்டாரக் கூடாது. நீதான் கொண்டாரணும். நான் கீழ விழுந்து கெடந்தா சிரிக்கவும் கூடாது. மெத்தைக்குப் பிளாஸ்டிக் போட்டிருந்தா கிழிச்சிரு. இணைப்பு ஒண்ணு."

உறைக்குள் இன்னொரு தாள். நாலாக மடித்தது. மடிப்புகளில் கிழிந்து, ஒரு மூலையில் மஞ்சள் கறை. என் இருபது வயதுக் கையெழுத்து, தேவைக்கு மேல் வளைந்து வளைந்து. ஐம்பது வருஷமாக நான் ஒளித்துவைத்திருந்த ஒன்று, ஒரு நாள்கூட ஒளிந்திருக்கவில்லை. பங்களா போயிற்று, துரைகள் போனார்கள், அலமாரிக் கதவின் விதித்தாள் போயிற்று. கடைசியில் அந்த ரகசியமும் போயிற்று. மிஞ்சியது இந்தத் தாளும், அதை வைத்திருந்தவரும்.

நான் நிமிர்ந்தபோது சரசு இல்லை. உள் அறையிலிருந்து பிளாஸ்டிக் கிழியும் சத்தம் கேட்டது. நீளமாக, ஒரே இழுப்பில். "வாரண்டி போனா போகுது லா," என்று அங்கிருந்தே கத்தினாள்.

கடிதத்தின் மேல் மூலையில், என் விதிப்படி, சிவப்பு மையால் எழுதினேன்: பதில் பெறப்பட்டது, மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை.